வீடு பார்க்க வந்த விதானையார்

மரியே வாழ்க

பேசாலை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகள் டினோஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவால் இங்கே அப்பாவும் தங்கச்சி கிருசாந்தினியும் நானும் சுகமாக இருக்கிறோம், ஒரு குறையும் இல்லை, நீயும் அந்தத் தூரத்து ஊரில் காய்ச்சல் தடிமன் ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டுமென்று கோயிலில் நாள் தவறாமல் மெழுகுதிரி கொளுத்தி வருகிறேன். இந்த வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கை பழகிவிட்டது, நான் நினைக்க முதலே அது எழுதி முடித்துவிட்டது. இருக்கட்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். சொல்லத்தான் எடுத்தேன், நீ ஹலோ அம்மா என்றவுடன் அழுகை வந்துவிட்டது, சிக்னல் இல்லை பிள்ளை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினால் உன் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கேட்கும். அவர்களுக்குத் தமிழ் விளங்காது என்றாலும் அழுகை விளங்கும். எப்படியும் உனக்குப் பத்திரங்கள் தபாலில் அனுப்பத்தான் வேண்டும், அதோடு சேர்த்து இதையும் வைக்கலாம் என்று கிருசாந்தினியின் கொப்பியில் தாள் கிழித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன்.

நீ கடைசியாகப் பேசியபோது சொன்னது இன்னும் என் காதுக்குள்ளேயே கிடக்கிறது. அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்க இந்த மாத முடிவுதான் கடைசி என்றாய், அப்பாவின் வருமானத்தை விதானையார் விசாரித்து எழுதி, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கி, அந்தச் சான்றிதழ் உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றாய். அது கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். வந்து ஆமென்ற்சுக்குத் தைக்கப் போறன் அம்மா, அதுவும் வேலைதானே என்று சிரித்தாய். நீ அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன், சிரித்தபடியால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட ஆட்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள். பிள்ளை, அப்பா உன்னைப் பற்றிக் கரையில் எப்படிக் கதைக்கிறார் என்று உனக்குத் தெரியாது. மீன் பிடிக்கிறவனுக்குப் பிறந்தது மீனைப் பற்றிப் படிக்க மாத்தறைக் கம்பசுக்குப் போகவேணுமாம், நான் சும்மா சொல்லிக் குடுத்திருப்பன் என்று எல்லோரிடமும் பகிடி விடுவார், விட்டுவிட்டு யாராவது மேலே ஏதும் கேட்க மாட்டார்களா என்று நின்று பார்ப்பார். அந்த மனிதன் முன்னால் நீ பெட்டியோடு வந்து இறங்கினால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கே பத்திரங்களைத் தேடத் தொடங்கினேன். உன் பிறப்புப் பத்திரம், தங்கச்சியுடையது, எங்கள் கலியாணப் பதிவு, அப்பாவின் அடையாள அட்டை, எல்லாம் மடுவுக்கு இடம்பெயர்ந்த காலத்தில் சுற்றிய அதே பொலித்தீனுக்குள்தான் இருந்தது. போட்டோக் கொப்பி எடுக்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டேன். உனக்குத் தெரியும்தானே, அம்மாவுக்கு அரசாங்கக் கந்தோர் என்றாலே பயம். யுத்த காலத்தில் வீட்டில் இருக்கிறவர்களின் பெயரை எழுதி ஆமிக்காரனிடம் கொண்டுபோய் நீட்டிவிட்டு, அதை வாங்கினவன் தலை நிமிரும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆட்கள் நாங்கள். இப்போது அந்தக் காலம் இல்லை என்று தலைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டம் இருந்தது. அப்பா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதைக் கடலிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும் என்று எழும்பிப் போய்விட்டார். இழுவைப் படகுக்காரர் வலையை அறுத்துக்கொண்டு போன பிறகு எங்கள் என்ஜினை விற்றது, இப்போது அவர் றொட்னியின் படகில் பிடிபடுகிறதில் ஒரு பங்குக்குப் போவது, வாடைக்காற்று தொடங்கியதில் இருந்து பாதி நாள் வெறுங்கையோடு வருவது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். காற்று இரைகிற நாளில் அவர் போனால் திரும்பி வரும் வரைக்கும் நான் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் செபமாலையோடு நிற்பேன். போகாவிட்டால் அதுவும் பயம்தான், வேறு விதமான பயம்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பழைய விதானையார் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் பிரணவன் என்று ஒரு தம்பி, திருக்கேதீஸ்வரம் பக்கம், சின்ன வயது, மெலிந்த ஆள், மோட்டார்சைக்கிளில் திரிகிறார். விதானையார் என்று சொல்லாதேங்கோ, கிராம சேவகர், ஜீ.எஸ். என்று சொல்லவேணும் என்று கிருசாந்தினி என்னைத் திருத்துகிறாள். பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி அம்மா, வெள்ளிக்கிழமை உங்கட வீடு பார்க்க வாறன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சேரும் வரையில் அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டு வந்தேன். எங்கள் ஆட்களுக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் இரண்டு காரியம்தான் தெரியும், ஒன்று கோயில் பங்குச் சுவாமி செபம் சொல்லி வீடு மந்திரிக்க வருவது, மற்றது பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருவது. இரண்டுக்கும் என்ன செய்வோமோ அதைத்தான் நானும் செய்தேன் பிள்ளை. எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு நிறஞ்சலாவிடம் போனேன். அவளுடைய மனிசன் பிரான்சில் இருந்து அனுப்பிய மெத்தைக் கதிரைகளையும் பெரிய ரீவியையும் நிற்கிற காற்றாடியையும் அரை நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். அவள் மறு பேச்சில்லாமல் தந்தாள், கண்ணாடி அலுமாரியையும் கொண்டுபோங்கோ அக்கா, அது இல்லாட்டி ரீவி எடுபடாது என்று அதையும் தூக்கி விட்டாள். கூரை ஒழுகுகிற மூலையில் அவளுடைய பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டேன். ஒழுக்குத் தண்ணீர் பிடிக்கிற சருவத்தை அடுப்படிக்குள் தள்ளினேன். அப்பாவின் கிழிந்த வலையும் கந்தல் சாரமும் வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போயிற்று. கிருசாந்தினிக்குத் திருவிழாச் சட்டை போட்டுவிட்டேன். அப்பா விடிய முன்னரே கடலுக்குப் போய்விட்டார், அவருக்கு இது ஒன்றும் தெரியாது. கரைக்கு ஓடி, கடனுக்கு நண்டும் கணவாயும் வாங்கி வந்து, நண்டைக் குழம்பு வைத்து, கணவாயைப் பிரட்டி, முருங்கையிலைச் சொதியும் வைத்தேன். வீட்டைப் பார்த்தால் எனக்கே எங்கள் வீடு என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரம் மனதுக்குள் ஒரு சந்தோசம் கூட வந்தது, டினோஜாவைப் பெண் கேட்டு வருகிற அன்றைக்கும் வீடு இப்படி எடுப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததற்கு நல்லா வாங்கிக் கட்டினேன்.

விதானைத் தம்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைக் கதிரையில் நுனியில் இருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்த்துப் பார்த்துத் தாளில் ஏதோ எழுதினார். வெளியே கவிட்டுக் கிடக்கிற படகு உங்களுடையதோ என்று கேட்டார், ஓம், எங்கடதுதான் தம்பி, இவர் சம்மாட்டி என்றேன். சொந்தப் படகு வைத்திருக்கிறவரைத்தான் சம்மாட்டி என்பார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் படகுக்கு என்ஜின் இல்லை, அடியில் வெடிப்பு விட்டிருக்கிறது, நிறஞ்சலாவின் கோழிதான் அதற்குக் கீழே முட்டை இடுகிறது என்று என் வாயில் வரவில்லை. ரீவி எப்போது வாங்கியது என்று கேட்டார். போன திருவிழாவுக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். சாப்பிடச் சொன்னேன், மேசையைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் சாப்பிடுறதில்லை அம்மா என்று குறை நினைக்காத மாதிரிச் சொல்லிவிட்டு பிளேன்ரீ மட்டும் வாங்கிக் குடித்தார். அவ்வளவு நண்டையும் எழுதிக்கொண்டுதான் போகிறாரோ என்று எனக்கு அப்போதுதான் முதல் முறை ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. எழும்பும்போது கேட்டார், கஷ்டம் ஏதும் இருக்கோ அம்மா என்று. அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். கதவைத் திறந்து விட்ட மாதிரிக் கேட்டார். நான் சொன்ன மறுமொழி என்ன தெரியுமா.

“ஒரு குறையும் இல்லைத் தம்பி. மாதா புண்ணியத்தில நல்லா இருக்கிறம்.”

மத்தியானம் அப்பா வந்தார். வாசலில் நின்றபடியே கதிரைகளையும் ரீவியையும் திரையையும் பார்த்தார், வீடு மாறி வந்துவிட்டேனோ என்கிற மாதிரி என்னையும் ஒருக்கால் பார்த்தார். நான் பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினேன், பாதி சொல்லும்போது அவருடைய முகத்தைக் கண்டு என் குரல் இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், உனக்குத் தெரியும், அதில் நான் குறைந்தவள் இல்லை. ஈரச் சாரத்தோடு நிலத்தில் குந்தினார், மெத்தைக் கதிரையைத் தொடவில்லை. நீ பிள்ளைக்குக் கலியாணம் பேசினியோ, உதவி கேட்டனியோ என்று கேட்டார். அதுக்குப் பிறகுதான் மகள் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது. எங்களிடம் இல்லை என்று எழுதித் தரச் சொல்லி ஒரு ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு, இருக்கிறது இருக்கிறது என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன். நண்டுக் குழம்பை அன்றைக்கு ஒருவரும் சாப்பிடவில்லை. நிறஞ்சலா நாடகம் பார்க்க ரீவியைக் கேட்டு வந்தாள், விசயத்தைக் கேட்டு அவளும் நெஞ்சில் கை வைத்தாள், அரசாங்க ஆளுக்குப் பொய் விபரம் கொடுத்தால் வழக்குப் போடுவினமாம் அக்கா, பிள்ளையின்ர பெயரையும் வெட்டிப் போடுவினமாம் என்றாள். அவள் உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து நான் பட்ட பயத்தை எப்படி எழுதுவது. சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் உன்னைக் கம்பசை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்களோ என்று நினைத்தேன். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் பொலிஸ் என்று நினைத்தேன். கோயிலில் முழங்காலில் நின்றால் செபம் வரவில்லை, அந்தத் தம்பி எழுதிய தாள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உன்னைப் பெற்று, செல் விழுகிற நேரம் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பங்கருக்குள் கிடந்து, குப்பிலாம்பு வெளிச்சத்தில் படிப்பித்து, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, ஒரு திரையாலும் நாலு கதிரையாலும் நானே கெடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். தொலைபேசியில் விதானைத் தம்பியைப் பிடிக்கலாம் என்று பார்த்தால் எடுக்கவில்லை. கடைசியில் அப்பாதான் சொன்னார், போய்ச் சொல்லு, சொன்ன வாய்தானே என்று. நீங்களும் என்னோடு வாருங்கள் என்று கேட்டேன். நான் வந்தால் நீ எனக்குப் பின்னால நிற்பாய் என்றார். அந்த மனிதனுக்கு என்னைத் தெரியாமல் எப்படி.

நேற்றுத் திங்கட்கிழமை விடிய விதானையார் கந்தோருக்குப் போனேன். பொதுமக்கள் நாள், இருக்கிற வாங்கு நிறைய எங்கள் ஊர்ப் பெண்கள். கோயிலில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவர்கள், உன்னுடைய கம்பஸ் அனுமதி வந்தபோது நான் கற்கண்டு கொடுத்தவர்கள். அந்த இடத்தில் கதவும் இல்லை மறைப்பும் இல்லை, ஒரு மேசைதான். என் முறை வந்தது. குனிந்து மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன், தலைக்கு மேலே பழைய காற்றாடி ஒன்று கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அந்தத் தம்பி கையைக் காதில் வைத்து, கேக்கேல்லை அம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ என்றார். திரும்பி வந்துவிடலாம் என்று உடம்பு சொல்லியது. நீ சிரித்ததை நினைத்தேன். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

“அந்த ரீவி எங்கட இல்லைத் தம்பி. கதிரையும் அலுமாரியும் எங்கட இல்லை. படகுக்கு என்ஜின் இல்லை. இவர் சம்மாட்டி இல்லை, பங்குக்குப் போறவர். எங்களுக்குச் சரியான கஷ்டம்.”

எனக்குப் பின்னால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தியாவது சிரித்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தார், ஏன் அம்மா இப்பிடிச் செய்தனீங்கள் என்று கேட்டார். எனக்கு வேறு என்ன மறுமொழி இருக்கிறது, நீங்கள் வீடு பார்க்க வாறன் எண்டு சொன்னனீங்கள் தம்பி என்றேன். அவருக்கு வாய் ஓரத்தில் ஏதோ வந்தது, அதை உடனே மறைத்துவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார், முதல் எழுதியதைத் தன்னால் சும்மா மாற்ற முடியாதாம், நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதம் போட்டால் தானும் மறுமொழி சொல்ல வேண்டுமாம், இன்னொரு தரம் வந்து கண்ணால் பார்க்க வேண்டுமாம். எந்த நாள் என்று கேட்டேன். இந்த முறை சொல்லமாட்டன் அம்மா, ஒண்டையும் கொண்டு வராதேங்கோ, ஒண்டையும் ஒளிக்காதேங்கோ என்றார்.

கந்தோரால் வந்த பிறகு நேற்றுப் பொழுது முழுக்க இப்படித்தான் போயிற்று. வீட்டை இருந்த மாதிரியே விட வேண்டும் என்று நான் கிருசாந்தினியை விளக்குமாற்றைத் தொடவிடவில்லை, அப்பா வந்து ஏசினார், கஷ்டம் வேறை ஊத்தை வேறை, கூட்டு என்று. நிறஞ்சலா இறால் உரிக்க என் முற்றத்துக்கு வழக்கம் போலத் தன்னுடைய கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கதிரையோடு என் படலைக்குள் காலெடுத்து வைக்காதே என்று துரத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டாள், பிறகு அவளே மணலில் குந்தி உரித்தாள். ஒவ்வொரு மோட்டார்சைக்கிளுக்கும் எழும்பிப் போய் வேலியால் பார்த்தேன். இன்றைக்கு விடியத் தொடங்கிய மழை விடவில்லை, அப்பா கடலுக்குப் போகவில்லை, கிழிந்த வலையைப் பொத்துகிறார். தனியே பயந்துகொண்டு இருக்க ஏலாமல்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன் பிள்ளை, படலையில் ஆள். அவர்தான். மழைக்கோட்டோடு சொட்டச் சொட்ட நின்றார். அப்பாதான் உள்ளே வாங்கோ தம்பி என்றார். உள்ளே வந்து நின்று மேலே பார்த்தார், மூலையில் சருவத்துக்குள் தண்ணீர் டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது, நடுவிலும் புதிதாக ஒழுக்கு விட்டு அங்கே சோற்றுப் பானையை வைத்திருந்தேன். இருக்கக் கதிரை இல்லை, கால் உடைந்து கயிறு கட்டிய ஒன்றுதான், அதை அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அவரே மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். மேசையில் மூடியிருந்தது காலைப் பிட்டும் மிஞ்சிய சொதியும். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்லப் போனேன், அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டேன். விதானைத் தம்பி முதல் கேட்ட கேள்விகளையே திரும்பவும் கேட்டார். இந்தத் தரம் அப்பா மறுமொழி சொன்னார், உள்ளதை உள்ளபடி, குரலை உயர்த்தாமல் தாழ்த்தாமல். எனக்கு ஒவ்வொன்றும் பல்லுப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. கடைசியில் தம்பி என்னைப் பார்த்துக் கேட்டார், மகள் அங்கே எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்று. தாளில் அப்படி ஒரு கேள்வி இருந்ததோ, தானாகக் கேட்டாரோ தெரியாது. இதுக்காவது நல்ல மறுமொழி இருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

“அவவுக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி, நல்லாச் சாப்பிடுறன் எண்டுதான் சொல்லுறவ.”

அவர் எழுதவில்லை. பேனையைத் தாளில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அப்பா வலை ஊசியை நிறுத்திவிட்டார். மழை பானைக்குள் விழுகிற சத்தம்தான் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் நான் சொன்னது எனக்கே திரும்பிக் கேட்டது பிள்ளை. போன வெள்ளிக்கிழமை இதே இடத்தில் நின்று நான் அவருக்குச் சொன்ன அதே சொல், அதே இழுவை. நீ போனில் எனக்குச் சொல்வதும் அதே சொல், அதே குரல். சான்றிதழுக்காக இத்தனை நாள் பயந்த பயம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி ஒரு பயம் வந்தது. விதானையார் எழுதி முடித்தார், ஒப்பம் வைத்தார், தான் கண்டதை எழுதியிருப்பதாகவும் முடிவு தன் கையில் இல்லை என்றும் சொன்னார். பிளேன்ரீ கேட்டு வாங்கிக் குடித்தார், பிட்டில் ஒரு பிடி சாப்பிட்டார். நான் நன்றி சொன்னேனோ தெரியாது. நான் அங்கே இல்லை, மாத்தறையில் உன் அறை வாசலில் நின்றேன்.

மகள், நீ வீடியோவில் வரும்போது உனக்குப் பின்னால் ஒரு வடிவான திரை தெரியும், மேசையில் ஒரு விளக்கும் தெரியும். என்ர பிள்ளை அங்கே வசதியாகத்தான் இருக்கிறாள் என்று நிறஞ்சலாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அவை யாருடையவை பிள்ளை? உன்னுடையவையா? நீ எப்போதும் முகத்தை மட்டும்தான் காட்டுகிறாய், தட்டைக் காட்டியதில்லை. போன முறை கன்னம் ஒட்டியிருக்கிறதே என்றதுக்குக் கமராவில் அப்படித்தான் தெரியும் என்றாய். நானும் நம்பினேன், நம்பினால்தானே எனக்குச் சோறு இறங்கும். உனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. உன்மேல் கோபம் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான், பயத்தில் எழுத்துக் கோணலாகப் போகிறது, வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நாளைக்கு அந்தத் தாளைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். அப்பா வரமாட்டார், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்பம் கிடைத்தால் அங்கிருந்தே நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுவேன், கிடைக்காவிட்டாலும் இந்தக் கடிதத்தையாவது போடுவேன். உறையைத் திறந்தவுடன் நீ முதலில் சான்றிதழைத்தான் தேடியிருப்பாய், ஆகையால் என்ன நடந்தது என்று இதை எழுதுகிற எனக்குத் தெரியாதது வாசிக்கிற உனக்குத் தெரியும். கிடைத்திருந்தால் ஒரு நாளும் பிந்தாமல் கொண்டுபோய்க் கொடு. எங்களைப் பற்றி என்ன கேட்டாலும் உள்ளதையே எழுது, அப்பாவின் தொழிலுக்குச் சம்மாட்டி என்று எழுதிவிடாதே, நேரில் கூப்பிட்டு விசாரித்தால் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் நல்ல சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதே. கிடைக்காமல் போனால் ஆமென்ற்ஸ் கதையை எடுக்காமல் முதலில் எனக்குப் போன் அடி, அழுகிறதென்றால் சேர்ந்து அழுவோம், பிறகு யோசிப்போம். சீலாக் கருவாடு தனிப் பொதியாக அனுப்புகிறேன், அறையில் பிள்ளைகளுக்கு மணம் பிடிக்காவிட்டால் வெளியே வைத்துப் பொரி, ஆனால் முழுவதையும் அவர்களுக்குக் கொடுத்துவிடாதே.

மாதா உன்னைத் தன் மேலாடைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். படுக்க முன்னர் நெற்றியில் நீயே சிலுவை போட்டுக்கொள், அது நான் போட்டதாக இருக்கட்டும். அப்பா ஒன்றும் சொல்லத் தெரியாமல் வலையோடு இருக்கிறார், அவருடைய ஆசீர்வாதமும் இதற்குள் இருக்கிறது. முதல் வரியில் நாங்கள் சுகம், ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறேன், அதை நான் வெட்டவில்லை. பேனையை எடுத்து நீயே வெட்டிவிடு. வெட்டிவிட்டு எனக்கு வீடியோவில் போன் அடி, நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று. தட்டைக் காட்டு மகள். வெறுந் தட்டு என்றாலும் காட்டு.

இப்படிக்கு,
பயத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
எ. பிரான்சிஸ்கா